கட்டுரை வகுப்புக்கு ஸ்டிக்கி நோட் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எல்லா வகுப்புக்கும் வேண்டாம். கடையில் கிடைக்கிற எல்லாக் கட்டும் வேண்டாம். நான்கைந்து நிறம் வேண்டவே வேண்டாம்.

மேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். கட்டுரைப் போட்டிக்குப் போகிற பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் பள்ளி விட்ட பிறகு உட்கார வைத்துப் பழக்குகிறேன். எழுதத் தொடங்குவதற்கு முன்னால் கருத்துகளைத் திரட்டுவதற்கென்று இந்த ஒட்டுத்தாளை இரண்டு இடத்திலும் சில வருடங்களாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். விலை கூடியது, விலை குறைந்தது, சின்னது, பெரியது என்று வாங்கிப் பார்த்தாயிற்று. சக தமிழாசிரியர்கள் சிலர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எதற்காக இது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் பொதுக்கட்டுரைக்கு 8 மதிப்பெண். கேள்வியிலேயே முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரைக்கும் குறிப்புகளைக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் அதை அப்படியே குறிப்புச்சட்டமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே நாலைந்து வரி நிரப்பிவிடுவார்கள். தேர்வுக்கு அது போதும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை, தலைப்பை மட்டும் கொடுத்தால் திணறிப் போகிறது. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தடுத்து 7,000, 5,000. எங்கள் பிள்ளைகளின் வீட்டில் அது பெரிய தொகை. அங்கே உட்கார்ந்த பிறகுதான் தலைப்பு தெரியும். குறிப்பு எதுவும் கிடையாது. கையில் பேனா, முன்னால் வெள்ளைத்தாள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது ஒன்றே. தலைப்பைப் பார்த்ததும் 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடு போடுவார்கள். தெரிந்த ஒரு குறளை எழுதுவார்கள். அடுத்த பத்தியில் அந்தக் குறளின் பொருள். மூன்றாவது பத்தியில் மறுபடியும் அதே கருத்து வேறு வார்த்தைகளில். ஒன்றரைப் பக்கத்தில் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. மொழி நன்றாக வருகிற பிள்ளைகளும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களிடம் சரக்கு இருக்கிறது. அதை எடுத்து வெளியே வைத்துப் பார்க்கிற பழக்கம் இல்லை. முன்னுரைக்கு முன்னால் ஒரு பத்து நிமிடத்தை அவர்களுக்கு உண்டாக்கித் தரவேண்டும். ஒட்டுத்தாள் அந்தப் பத்து நிமிடத்துக்கான கருவி.

இனி சரக்கைப் பற்றி. நான் வாங்கியது மூன்று வகை. த்ரீஎம் நிறுவனத்தின் போஸ்ட்-இட், 3 அங்குலத்துக்கு 3 அங்குலம், மஞ்சள். அதே நிறுவனத்தின் சூப்பர் ஸ்டிக்கி. அப்புறம் மேலூர், மதுரைக் கடைகளில் கிடைக்கிற உள்ளூர்த் தயாரிப்புகள். உள்ளூர்க் கட்டு எங்கள் பக்கம் ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்துவிடும். போஸ்ட்-இட்டுக்கு ஏறக்குறைய இரு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். பொதுவாக ஒரு கட்டில் 100 தாள்.

ஒட்டுகிற விஷயத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இதற்குக் காரணம் அந்தப் பசை. 1968-ல் த்ரீஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் பலமான பசை ஒன்றைச் செய்ய முயன்றபோது கிடைத்தது இந்த இலேசான பசை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கும். தாள் முழுவதும் படியாமல் அந்த உருண்டைகள் தொடும் இடத்தில் மட்டும் பிடிப்பதால்தான் உரித்தெடுத்து மறுபடியும் ஒட்ட முடிகிறது. இதை எதற்குப் பயன்படுத்துவது என்று சில வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1974-ல் அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃப்ரை, தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளத்தாள் கீழே விழுந்துகொண்டே இருந்ததால், இந்தப் பசையைத் தாளில் தடவிப் பார்த்தார். 1980-ல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள். நம் கடைகளில் இத்தனை பெயரில் கிடைப்பது அதனால்தான்.

அந்த உருண்டைகளுக்கு எதிரி தூசி. வகுப்பறையில் தூசிக்குக் குறைவில்லை. சாக்பீஸ் பொடி படிந்த பலகையில் எந்தத் தாளை ஒட்டினாலும் பொடிதான் பசையில் ஒட்டும், தாள் கீழே வரும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டினால் போஸ்ட்-இட் ஒரு பாடவேளை முழுக்க நிற்கிறது. சூப்பர் ஸ்டிக்கி மறுநாளும் நிற்கிறது. உள்ளூர்க் கட்டுகளில் பாதி நின்றது, பாதி மின்விசிறி போட்டதுமே விழுந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில் மூன்றுமே நிற்காது. சுவர்ப்பொடி பசையோடு வந்துவிடும், பிறகு அந்தத் தாள் எங்கும் ஒட்டாது. இரும்பு பீரோவின் கதவு அருமையான இடம். ஜன்னல் கண்ணாடி இருந்தால் அதுவும் நல்லது. எல்லாவற்றையும்விட நல்லது, ஒரு வெள்ளைச் சார்ட்டைப் பெஞ்சு மேல் விரித்து அதில் ஒட்டுவது. தாளோடு தாள் நன்றாகப் பிடிக்கிறது, மின்விசிறியைப் பற்றிக் கவலை இல்லை, பாடவேளை முடிந்தால் சார்ட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் வைத்துவிடலாம்.

கட்டிலிருந்து தாளை எடுக்கிற விதம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிக் கொடுத்துவிடுங்கள். எல்லோரும் கீழ் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கித்தான் உரிப்பார்கள். அப்படி எடுத்தால் பசை இருக்கும் பட்டை சுருண்டுவிடும், ஒட்டியபிறகும் தாள் சுவரை விட்டு எழும்பியே நிற்கும். பக்கவாட்டில், இடது ஓரத்திலிருந்து வலது ஓரமாகப் பட்டையை ஒட்டியே இழுத்து எடுத்தால் தாள் தட்டையாக வரும். இந்த ஒன்றைச் செய்தாலே உள்ளூர்க் கட்டுக்கூட ஓரளவு நிற்கிறது.

ஒரு உள்ளூர்த் தயாரிப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், பெயர் வேண்டாம். பளபளப்பான ஐந்து நிறத்தாள்கள் ஒரே கட்டில். வாங்கிப் பிரித்தால் நடுவில் பத்துப் பதினைந்து தாள் ஒன்றோடொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது, உரித்தால் கிழிந்தது. சிலவற்றில் பசையே இல்லை. அந்தப் பளபளப்பில் ஜெல் பேனா மை காய்வதற்குள் கை பட்டு இழுபட்டது. கடையில் வாங்கும்போது கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். தாள்கள் தனித்தனியாகப் பிரிந்து வந்தால் வாங்கலாம்.

அளவு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், 3க்கு 3 அங்குலம்தான். ஒன்றரை அங்குலத்துக்கு 2 அங்குலம் என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் நாலு சொல் எழுத அது போதுமாக இருக்கலாம். தமிழில் 'சீமைக்கருவேலம்' என்று எழுதியதுமே ஒரு வரி முடிந்துவிடும். கோடு போட்ட பெரிய அளவுத் தாளும் இருக்கிறது, 4க்கு 6 அங்குலம். அதைக் கொடுத்தால் பிள்ளைகள் பத்தி எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு தாளில் ஒரு கருத்து என்பதுதான் இதன் உயிர். 3 அங்குலச் சதுரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பத்துப் பன்னிரண்டு சொல் எழுதலாம். ஒரு கருத்துக்கு அது போதும், இரண்டாவது கருத்துக்கு இடம் இருக்காது. ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் கடைசிப் பெஞ்சுக்கும் தெரியும். ஆனால் மெல்லிய தாளில் மை கீழ்த்தாளுக்கு இறங்கிவிடும். அதனால் உரித்த பிறகு எழுதச் சொல்லுங்கள்.

எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பதைச் சொன்னால்தான் பொருளின் பலன் புரியும்.

தலைப்பைப் பலகையில் எழுதிவிட்டு ஆளுக்கு ஐந்தாறு தாள் கொடுப்பேன். ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்க்கக்கூடாது. தலைப்பை நினைத்ததும் கண்ணில் தோன்றுவது, காதில் கேட்டது, வீட்டில் பேசியது எதுவானாலும் ஒரு தாளுக்கு ஒன்று. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், பேச்சுத்தமிழ் பரவாயில்லை. 'முக்கியம்', 'அவசியம்', 'இன்றியமையாதது' என்ற மூன்று சொற்களுக்கு மட்டும் தடை. அந்த மூன்றையும் தடுத்துவிட்டால் பிள்ளை வேறு எதையாவது தேடித்தான் ஆகவேண்டும்.

பேசக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருத்துத் திரட்டல் என்றதும் வகுப்பில் எல்லோரையும் கத்திச் சொல்லவிட்டு ஆசிரியர் பலகையில் எழுதுவதுதான் வழக்கம். பயிற்சி வகுப்புகளிலும் நமக்கு அப்படித்தான் காட்டினார்கள். கூட்டமாக உட்கார்ந்து யோசிக்கும் இந்த முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். குறை சொல்லாதே, எண்ணிக்கை கூடட்டும், விசித்திரமாகத் தோன்றினாலும் சொல், ஒருவர் சொன்னதோடு இன்னொன்றைச் சேர் என்று அவர் சொன்ன விதிகள் எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்த ஆய்வில், சேர்ந்து உட்கார்ந்து பேசிய குழுவைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக யோசித்தவர்களின் கருத்துகளை ஒன்றுசேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது. 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் தேடினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதே பெரிய தடை என்று கண்டார்கள். வகுப்பில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். வாய் உள்ள நாலு பிள்ளைகள் முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மீதிப் பேர் 'நான் சொல்ல நெனச்சத அவனே சொல்லிட்டான் டீச்சர்' என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஒட்டுத்தாளில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பெயர் எழுதத் தேவையில்லாததால் கூச்சப்படுகிற பிள்ளையும் எழுதிவிடுகிறது. பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் கசக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். நோட்டில் அடித்துத் திருத்தினால் அந்த அடித்தல் அங்கேயே நின்று பிள்ளையைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை 'நீர்நிலைகளைக் காப்போம்' என்று தலைப்புக் கொடுத்தேன். ரொம்பப் பழைய தலைப்பு. வேண்டுமென்றேதான் அதைக் கொடுத்தேன். சார்ட்டில் வந்து விழுந்த தாள்களில் சிலவற்றை அப்படியே எழுதுகிறேன்.

'கண்மாய்க்குள்ள இப்ப கிரிக்கெட் விளையாடுறோம்.'

'நாங்க குடிக்கிறது கேன் தண்ணி. மாடு குடிக்கிறது கண்மாய்த் தண்ணி.'

'கலுங்கு பாஞ்சா பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது, பாலம் இல்ல.' (கலுங்கு என்பது கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி.)

'மடை தொறக்குற தாத்தா செத்துட்டாரு. அப்பறம் யாரும் அந்த வேலைக்கு வரல.'

'அம்மாச்சி சொல்லும், கண்மாய்த் தண்ணில பருப்பு சீக்கிரம் வேகுமாம்.'

'தண்ணி வத்துனாத்தான் மீன்பிடித் திருவிழா வரும்.'

கடைசித் தாளை எழுதியது வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். எங்கள் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர் கூடி மீன் பிடிப்பார்கள், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் சனம் வலையும் கூடையுமாக வந்து இறங்கும். 'தண்ணீர் வற்றுவது கேடு' என்ற ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்த சார்ட்டில் அந்த ஒரு தாள் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. 'அப்ப வத்துறது நல்லதா டீச்சர்?' என்று ஒரு பெண் கேட்டாள். 'அது பங்குனி சித்திரைல வத்துறது. இப்ப தைலயே வத்திருதே' என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். கட்டுரையின் மையம் அங்கேயே கிடைத்துவிட்டது. இயற்கையாக வற்றுவது வேறு, நாம் வற்ற வைப்பது வேறு.

அதன் பிறகு தாள்களை இடம் மாற்றும் வேலை. இங்கேதான் ஒட்டுத்தாள் வாங்கிய காசுக்கு வேலை செய்கிறது. மடைத் தாத்தா, கலுங்கு, சீமைக்கருவேலம் மூன்றையும் ஒரு பையன் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினான். எதற்கு என்று கேட்டதற்கு, 'மூணுமே ஆள் பாக்காம விட்டது' என்றான். கேன் தண்ணீரும் பருப்பும் இன்னொரு கூட்டம். இப்படி ஒட்டி முடித்தபிறகு ஒவ்வொரு கூட்டத்தின் பக்கத்திலும் இன்னும் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேள்வியாக ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொன்னேன். கண்மாயை முன்பு யார் பராமரித்தார்கள் என்ற கேள்வியிலிருந்து குடிமராமத்து வந்தது. ஊரே கூடித் தூர்வாரிய பழைய வழக்கம் அது. அரசு அதை 2016-17ல் திட்டமாக மறுபடியும் எடுத்தது. மேலூருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலிருந்து முல்லைப்பெரியாறு அணை, அது திறந்த 1895, கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் எல்லாம் வந்தது. அரிட்டாபட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை, தன் ஊர் 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதை எழுதி ஒட்டியது. அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதையும் கீழேயே சேர்த்தது. நான் ஒரு குறிப்பும் கொடுக்கவில்லை. அத்தனையும் அவர்களிடம் இருந்தது.

அடுத்து, ஒதுக்குவது. இது கருத்துத் திரட்டுவதைவிடக் கஷ்டம். சார்ட்டின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 'இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்' என்று எழுதிவிடுவேன். பிள்ளைகளுக்குத் தங்கள் தாளைக் குப்பையில் போட மனசு வராது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்துவதற்குச் சம்மதிப்பார்கள். கடல் மாசு, பிளாஸ்டிக், உலக வெப்பமயமாதல் எல்லாம் அன்றைக்கு அந்தப் பக்கம் போயின. நல்ல கருத்துகள்தான், இந்தக் கட்டுரையில் இடமில்லை. மீதியை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினால் குறிப்புச்சட்டம் தயார். கடைசியாகத்தான் முன்னுரை. மீன்பிடித் திருவிழாவில் தொடங்கலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். குறள் மூன்றாவது பத்தியில், அதற்கு உரிய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

நிறத்தைப் பற்றிச் சொன்னேன். ஐந்து நிறக் கட்டு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வகுப்பில் ரோஸ் தாளுக்குச் சண்டை வரும். அதோடு, ஒரே நிறத்தில் இருப்பதெல்லாம் ஒரே கூட்டம் என்று கண் தானாகவே சேர்த்துவிடும். கருத்தைப் பார்த்துக் கூட்டம் சேர்க்க வேண்டிய பிள்ளை நிறத்தைப் பார்த்துச் சேர்த்துவிடும். எல்லோருக்கும் வெளிர் மஞ்சள் கொடுங்கள். 'கைபேசி வரமா சாபமா' மாதிரித் தலைப்புகளுக்கு மட்டும் இரண்டாவது நிறம் ஒன்று வைத்துக்கொள்ளலாம். மஞ்சளில் எழுதிய கருத்துக்கு மறுப்பு என்ன என்று நீலத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டச் சொல்வேன். எதிர்ப்பக்கத்தை நினைத்துப் பார்க்கிற பழக்கம் இதில் நன்றாக வருகிறது.

இனி செலவுக் கணக்கு. நாற்பது பேர் வகுப்பில் ஆளுக்கு ஐந்து தாள் என்றால் ஒரு தலைப்புக்கே 200 தாள், இரண்டு கட்டு. வகுப்பில் எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் இது கட்டாது. அரசுப் பள்ளியில் ஆசிரியர் கைக்காசு போட்டுத்தான் வாங்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் முழு வகுப்புக்கு இப்போது நான் ஒட்டுத்தாள் கொடுப்பதில்லை. ஒருபக்கம் அச்சான பழைய வினாத்தாள்களை எட்டாகக் கிழித்து, ஐந்தைந்து பேராகத் தரையில் உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு இதே முறையில் செய்கிறோம். எழுதுவது, கூட்டம் சேர்ப்பது, ஒதுக்குவது மூன்றும் இதில் நடந்துவிடும். மறுநாளைக்கு அப்படியே பாதுகாத்து வைக்க முடியாது, அது ஒன்றுதான் குறை. ஜூன், ஜூலையில் வேர்வையில் ஊறிப்போகிறோம் என்பதும் உண்மை.

போட்டிக்குப் போகிற எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டுத்தாளேதான். அங்கே போஸ்ட்-இட் வாங்குவது வீண் செலவு இல்லை. ஒரு தாளை நாலைந்து தடவை இடம் மாற்றினாலும் ஒட்டுகிறது. உள்ளூர்த் தாள் இரண்டாவது தடவையே தளர்ந்துவிடும், பிறகு பிள்ளைகள் இடம் மாற்றவே தயங்குவார்கள். சூப்பர் ஸ்டிக்கி நின்ற இடத்தில் நன்றாக நிற்கும், சுவரில் வாரக்கணக்கில் வைக்க நல்லது. ஆனால் சார்ட்டில் ஒட்டி உடனே உரித்து மாற்றுகிற நம் வேலைக்கு அந்தப் பிடிப்பு தேவையில்லை. சாதாரண மஞ்சளே போதும்.

போட்டி அரங்கில் ஒட்டுத்தாள் எடுத்துப் போக முடியாதே என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் போட்டிக்குச் சில வாரம் முன்பே தாளை நிறுத்திவிடுகிறேன். அதற்குப் பதில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னக் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு கருத்து எழுதச் சொல்வேன். கூட்டம் சேர்க்க, ஒரே குழுவில் வரும் கட்டங்களுக்கு ஒரே எண். ஒதுக்க, கட்டத்தின் மேல் ஒரு கோடு. தாளை நகர்த்திப் பழகிய பிள்ளைகள் இந்த எண் போடும் வேலையைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நேரடியாகக் கட்டத்தில் தொடங்கிய பிள்ளைகள் எழுதிய வரிசையிலேயே கட்டுரையையும் எழுதிவிடுகிறார்கள். கையால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்த அனுபவம் இல்லாததால் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

கணினியிலும் பார்த்தேன். ஃப்ரீபிளேன் என்று ஒரு மென்பொருள், இலவசம், இணையம் வேண்டாம், தமிழ் யூனிகோடு நன்றாக வருகிறது. என்டர் விசையைத் தட்டினால் பக்கத்தில் ஒரு கிளை, டேப் தட்டினால் உள்ளே ஒரு கிளை. என் பாடத்திட்டத்தை அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன், எனக்குப் பிடித்த மென்பொருள். பிள்ளைகளுக்கு இந்த வேலைக்கு அது சரிவரவில்லை. தமிழ்த் தட்டச்சில் கை தடுமாறுவதற்குள் கருத்து போய்விடுகிறது. தவிர, முதல் கருத்தையே எந்தக் கிளையின் கீழே போடுவது என்று மென்பொருள் கேட்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைக்குக் கிளை எது இலை எது என்று தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

வரும் கல்வியாண்டுக்கு நான் வாங்கப்போவது போஸ்ட்-இட் மஞ்சள் ஆறு கட்டு, நீலம் ஒன்று, வெள்ளைச் சார்ட் ஒரு டஜன். போட்டிக் குழுவுக்கு வருடம் முழுக்க இது தாராளம். மதுரைக்குப் போகிற யாரிடமாவது சொல்லி மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் குறையும். கடையில் கேட்கும்போது 3க்கு 3 அளவு, 100 தாள், ஒரே நிறம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே ஸ்டிக்கி நோட் என்று கேட்டால், பல இடத்தில் ஐந்து நிறச் சின்னக் கொடிகள் ஒட்டிய அட்டையைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அது பாடப்புத்தகத்தில் பக்கம் குறித்துவைக்க உதவும், அதில் ஒரு வரிகூட எழுத முடியாது.